கிரவுன் பினியன் அடிக்கடி உடைகிறதா? புது செட் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

நீங்கள் கேட்டது இது. நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் ஓடும் கால் மைல் டிராக் (drag) ரேஸுக்கென்று கட்டிய கார். எடை சுமார் 1,450 கிலோ, எஞ்சின் 600 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டிரான்ஸ்பிரேக் (பட்டனை அழுத்தினால் கியர்பாக்ஸைப் பூட்டி காரை நிறுத்தி வைப்பது), பின்னால் ஸ்லிக் டயர், ஃபோர்டு 9 இன்ச் ஆக்சில், ஸ்பூல் (இரண்டு பின் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டுவது), 4.56 விகிதம். ஒரே சீசனில் இரண்டு செட் கிரவுன் பினியன், அதாவது ஷாஃப்ட்டின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குத் திருப்பும் பெரிய கியரும் (கிரவுன்) சின்ன கியரும் (பினியன்), போய்விட்டது. இரண்டாவது செட் ரேஸுக்கென்றே செய்த 9310 ஸ்டீல். இதைவிட விலை கூடிய செட் வாங்குவதா, ஆக்சிலையே மாற்றுவதா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நல்ல பாகங்கள் போட்டு ஒழுங்காகப் பூட்டிய 9 இன்ச் ஆக்சிலுக்கு 600 குதிரைத்திறன் பெரிய சுமை இல்லை. நான் பார்த்த வரையில், பலம் போதாமல் உடைந்த கிரவுன் பினியனைவிட, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் உடைந்ததுதான் அதிகம். அல்லது சுமையைத் தாங்கிய பல், திடீரென விழுந்த அடியில் உடைந்திருக்கும். உங்களுடையதில் இரண்டுமே இருக்கும் என்று நினைக்கிறேன். இதைச் சரி செய்யாமல் மூன்றாவது செட் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

உடைந்த செட்டைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் எடுத்து டீசலில் கழுவி, நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். ஒரு பல் கழன்றதும் அது மற்ற பற்களுக்கு நடுவே மாட்டி எல்லாவற்றையும் மென்றுவிடும். அதனால் முதலில் போன பல் எது என்று தேட வேண்டும். மற்றவை நசுங்கி, சப்பையாகி இருக்கும். முதலில் போனதன் முறிவு மட்டும் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். அந்த முறிவு முழுவதும் உடைத்த கருங்கல் போல ஒரே சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தால், ஒரே அடியில் போயிருக்கிறது. ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து, அலை மணலில் விட்டுப்போகும் வரிகளைப் போல மெல்லிய கோடுகள் தெரிந்து, மீதி மட்டும் சொரசொரப்பாக இருந்தால், விரிசல் பல ஓட்டங்களுக்கு முன்பே விழுந்து மெதுவாக வளர்ந்திருக்கிறது. பல்லின் முகத்தில் நீலமோ கறுப்போ ஏறியிருந்தால் சூடு, அதாவது எண்ணெய் அல்லது பேக்லாஷ் (இரண்டு கியரின் பற்களுக்கு நடுவே விடும் சிறு இடைவெளி) பிரச்சனை. நீளவாக்கில் கீறல்கள் இருந்தால் எண்ணெய்ப் படலம் கிழிந்திருக்கிறது. கிரவுன் பல்லின் வெளி முனையில், மெக்கானிக்குகள் ஹீல் என்று சொல்லும் பக்கம், முக்கோணமாகத் துண்டு போயிருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது கேஸ் (இந்தக் கியர்களைத் தாங்கும் வார்ப்புக் கூடு) விரிவதையும் பேரிங் தளர்வதையும்தான். சுமை ஏறும்போது பினியனும் கிரவுனும் ஒன்றையொன்று தள்ளிவிடும். அப்போது பல் படும் இடம் ஹீல் பக்கம் நகர்ந்து, மொத்தச் சுமையும் அந்த ஓரத்தில் உட்கார்ந்துவிடும்.

அந்தச் சுமை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கார் முதல் 60 அடியை 1.45 வினாடியில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 அடி என்றால் 18.3 மீட்டர். சராசரி முடுக்கம் வினாடிக்கு வினாடி 17 மீட்டர் வருகிறது. 1,450 கிலோவை அப்படித் தள்ள சுமார் 25,000 நியூட்டன் விசை வேண்டும். டயரின் ஆரம் 36 சென்டிமீட்டர் என்றால் ஆக்சிலில் 9,000 நியூட்டன் மீட்டர் டார்க். கிரவுனில் பல் படும் இடம் மையத்திலிருந்து ஏறக்குறைய 10 சென்டிமீட்டர்தான். அப்படியானால் பற்களின் மேல் விழுவது 90,000 நியூட்டன், ஒன்பது டன் எடைக்குச் சமம். அதை ஒரு நேரத்தில் தாங்குவது இரண்டு மூன்று பற்கள் மட்டும். டைமர் ஓட ஆரம்பிக்கும் முன்பே கார் சில அங்குலம் நகர்ந்திருக்கும், அதனால் உண்மை எண் கொஞ்சம் குறையும். ஆனாலும் இந்தக் கணக்கில் எஞ்சினின் குதிரைத்திறன் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எடையும் டயரின் பிடியும்தான் வருகின்றன. டயர் சுழன்றுவிட்டால் சுமை அதற்கு மேல் ஏறாது. இரு மடங்கு பவர் உள்ள இலேசான கார் சீசன் முழுக்க ஒரே செட்டில் ஓடுவதும், உங்களுடையது போன்ற கனமான கார் நல்ல பிடியுள்ள டிராக்கில் பல்லை இழப்பதும் இதனால்தான். காரிலிருந்து 50 கிலோ இறக்க முடிந்தால், அது கிரவுனுக்கும் நேரடியாகப் போய்ச் சேரும் உதவி.

விகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிரவுனில் 41 பல் என்று வைத்தால், 10 பல் பினியன் 4.10 தரும், 9 பல் 4.56, 8 பல் 5.13. எண் கூடக் கூட பினியன் சிறியதாகிறது, ஒரே நேரத்தில் படும் பல்லின் அளவும் குறைகிறது. 31 அங்குல டயரும் 4.56-ம் தருவதை 28 அங்குல டயரும் 4.10-ம் கிட்டத்தட்ட அப்படியே தரும். அதோடு டயரின் ஆரம் குறைவதால், அதே தள்ளு விசைக்கு ஆக்சில் டார்க்கும் பத்து சதவீதம் குறையும். சிறிய டயரில் பிடி போதுமா என்பது வேறு கேள்வி. போதும் என்றால் நான் அந்தப் பக்கம்தான் போவேன்.

9310 பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. சாதாரண கிரவுன் பினியன் 8620 ஸ்டீலில் வரும். இரண்டிலுமே மேல்தோலைக் கார்பன் ஏற்றிக் கெட்டியாக்குவார்கள். 9310-ல் நிக்கல் மூன்று சதவீதத்துக்கு மேல் இருப்பதால் உள்ளே இருக்கும் இரும்பு வளைந்துகொடுக்கும், அடியை வாங்கிக்கொள்ளும். இதை ‘கெட்டியான கியர்’ என்று நினைத்து வாங்குகிறார்கள். உண்மையில் அது அடி தாங்கும் கியர், தேய்மானம் தாங்கும் கியர் இல்லை. ரோட்டில் நாள் முழுக்க ஓட்டினால் 8620-ஐவிடச் சீக்கிரம் தேயும். டிராக்குக்கு டிரெய்லரில் வரும் காருக்கு 9310 சரியான தேர்வுதான், அதை மாற்ற வேண்டாம். பினியன் ஷாஃப்ட் 28 ஸ்ப்ளைனா 35 ஸ்ப்ளைனா (ஷாஃப்ட்டில் வெட்டிய நீளவாக்குப் பற்கள்) என்று மட்டும் பாருங்கள். உங்கள் காரின் எடைக்கு 35 நல்லது.

இனி பூட்டும் வேலை. முதல் சந்தேகம் கேஸ். 9 இன்ச் ஆக்சிலில் பினியனின் வால் பக்கம் ஒரு சின்ன பேரிங் இருக்கும். பினியனை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்துவது அதுதான், இந்த ஆக்சிலின் பெரிய பலமும் அதுவே. அது உட்காரும் பகுதி பழைய சாதாரண வார்ப்பு கேஸில் மெலிதாக இருக்கும், விரிசல் விடும். நோடுலர் (எளிதில் விரிசல் விடாத இரும்பு) வார்ப்பு கேஸோ ரேஸுக்கென்று செய்த அலுமினிய கேஸோ இல்லையென்றால் எந்தக் கியர் போட்டும் பயனில்லை. இருந்தாலும், கழற்றியிருக்கும் இப்போதே அந்தச் சின்ன பேரிங்கைப் புதிதாகப் போடுங்கள், அது உட்காரும் இடத்தைச் சுற்றி டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் ஊறி அதைக் காட்டும் சாயம்) அடித்து விரிசல் பாருங்கள். இரண்டு செட் உடைந்த கேஸ் நல்லபடியாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

பினியன் பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கும் ஸ்லீவ் இருந்தால் எடுத்துவிட்டு கெட்டி ஸ்பேசர் போடுங்கள். நசுங்கும் ஸ்லீவ் ஒவ்வொரு லாஞ்சிலும் (கார் பாய்ந்து புறப்படும்போது) கொஞ்சம் கொஞ்சமாக இன்னும் நசுங்கும். பேரிங்குகளை இறுக்கி வைத்திருக்கும் ப்ரீலோட் போய்விடும், பினியன் முன்னும் பின்னும் நடக்க ஆரம்பிக்கும். ஸ்பேசரில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து அட்ஜஸ்ட் செய்வது பொறுமையான வேலை, நான்கைந்து முறை கழற்றிப் பூட்ட வேண்டியிருக்கும். ஆனால் ஒரு முறை வைத்தால் அப்படியே நிற்கும். புது பேரிங்குக்கு, சீல் போடும் முன், சுற்றும் டார்க் 2 நியூட்டன் மீட்டரைச் சுற்றி இருக்கும். ஓடிய பேரிங்குக்கு அதில் பாதி. பேரிங்கோடு வரும் தாளில் வேறு எண் இருந்தால் அதையே வையுங்கள்.

ஸ்பூலில் கிரவுனை ஏற்றும்போது போல்ட்டை இறுக்கி இழுத்து உட்காரவைக்காதீர்கள், அது கோணலாக ஏறும். கிரவுனைக் கொதிக்கும் தண்ணீரில் சூடாக்கினால் கையாலேயே சரியும். அதற்கு முன் இரண்டு முகங்களையும் மென்மையான அரத்தால் தடவி, பிசிறு இல்லை என்று விரல் நகத்தால் பாருங்கள். போல்ட்டுக்கு லாக் திரவம், டார்க் ரெஞ்ச், குறுக்கு வரிசை. அப்புறம் டயல் கேஜ் வைத்துக் கிரவுனின் பின்பக்கத்தைச் சுற்றிப் பார்த்தால் ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

பேக்லாஷ் பொதுவாக 0.15 முதல் 0.25 மி.மீ. வரை. ரேஸ் கியர் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் கிரவுனின் ஓரத்திலேயே எண்ணைப் பொறித்திருப்பார்கள். அந்த எண்ணைத் தாண்டி யார் சொல்வதையும் கேட்காதீர்கள், என்னையும் சேர்த்து. நான்கு இடங்களில் அளந்து பாருங்கள். இடத்துக்கு இடம் 0.05 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் கிரவுன் கோணலாக உட்கார்ந்திருக்கிறது.

இப்போது பேட்டர்ன், அதாவது பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தின் அடையாளம். இங்கேதான் 9 இன்ச் ஆக்சில் பலரை ஏமாற்றும், என்னையும் ஏமாற்றியிருக்கிறது. மஞ்சள் மார்க்கிங் பேஸ்ட்டை ஆறேழு பற்களில் தடவி, கிரவுனுக்கு எதிராக ஒரு கட்டையால் அழுத்தம் கொடுத்தபடி பினியனை இரு பக்கமும் சுற்ற வேண்டும். அழுத்தம் இல்லாமல் சுற்றினால் பேஸ்ட் பொய் சொல்லும். குவிந்த பக்கம்தான் கார் முன்னே போகும்போது சுமை ஏறும் பக்கம். அடையாளம் பல்லின் தலை ஓரத்தில் விழுந்தால் பினியன் கிரவுனிலிருந்து தள்ளி இருக்கிறது. வேர் ஓரத்தில் விழுந்தால் மிக நெருங்கி இருக்கிறது. பெரும்பாலான ஆக்சில்களில் ஷிம்மைத் தடித்தால் பினியன் கிரவுனை நெருங்கும். 9 இன்ச்சில் பினியன் தனி சப்போர்ட்டோடு முன்னாலிருந்து போல்ட் ஆகிறது, ஷிம் அந்த சப்போர்ட்டுக்கும் கேஸுக்கும் நடுவே போகிறது. அதனால் ஷிம்மைத் தடித்தால் பினியன் வெளியே வரும். நேர் எதிர்.

நான் முதன்முதலில் 9 இன்ச் கட்டியபோது அடையாளம் தலை ஓரத்தில் இருந்தது. பழைய பழக்கத்தில் ஷிம்மைத் தடித்தேன். அடையாளம் இன்னும் மேலே ஏறியது. போதவில்லை என்று நினைத்து மறுபடி தடித்தேன். மூன்றாவது முறை பேஸ்ட், பல்லின் உச்சியில் நூல் மாதிரி ஒரு கோடாக மட்டும் இருந்தது. அப்போதுதான் கையில் சப்போர்ட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்து, ஷிம் எங்கே உட்கார்கிறது என்று புரிந்துகொண்டேன். இரவு பதினொரு மணி. எல்லாவற்றையும் கழற்றி, முதலில் இருந்ததைவிட மெல்லிய ஷிம் போட்டதும் அடையாளம் பல்லின் நடுவில் நீள்வட்டமாக வந்து உட்கார்ந்தது. உங்களுடையதைக் கட்டியவர் வேறு ஆக்சில்களில் பழகியவராக இருந்தால் இதை ஒரு முறை கேளுங்கள்.

டிராக் காருக்கு நான் அந்த அடையாளத்தைச் சரியாக நடுவில் வைப்பதில்லை. உள் முனை, அதாவது டோ பக்கம், ஒரு சிறிது தள்ளி வைப்பேன். லாஞ்சில் எல்லாம் விரியும்போது அது நடுவுக்கு வரும். நடுவில் வைத்தால் ஹீலுக்குப் போய்விடும்.

ஆக்சில் ஹவுசிங் நேராக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஆக்சிலை காரின் சட்டத்தோடு இணைக்கும் லேடர் பார், ஃபோர் லிங்க் பிராக்கெட்டுகளை வெல்டு செய்யும்போதே குழாய் வளைந்திருக்கும். இரண்டு முனைகளிலும் வளையம் மாட்டி நடுவே நீளமான அலைன்மென்ட் கம்பியை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். வளைந்திருந்தால் ஆக்சில் ஸ்ப்ளைன், ஸ்பூலைப் பக்கவாட்டில் நெம்பிக்கொண்டே இருக்கும். நேராக்கி, ஹவுசிங்கின் பின்பக்கம் ஒரு பிரேஸ் வெல்டு செய்யுங்கள், வெல்டு முடிந்ததும் மறுபடி அளந்து பாருங்கள்.

அடுத்தது அடி. டிரான்ஸ்பிரேக்கைப் பற்றி யோசித்துப் பாருங்கள். அது கியர்பாக்ஸை உள்ளேயே பூட்டிவிடுகிறது. எஞ்சின் முழு டார்க்கில் கத்திக்கொண்டிருக்கும்போது, கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஷாஃப்ட், ஜாயின்ட் கிராஸ், பினியன், ஆக்சில் எதிலும் சுமை இல்லை. எல்லாம் தளர்ந்து கிடக்கிறது. பட்டனை விட்ட நொடியில் கியர்பாக்ஸின் ப்ளே (தளர்வு), கிராஸின் ப்ளே, கிரவுன் பேக்லாஷ், ஸ்ப்ளைன் ப்ளே என அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி முடிந்து, கடைசியில் டயரில் போய் முட்டும். சுத்தியலைத் தூரத்திலிருந்து வீசுவதற்கும் பக்கத்தில் வைத்து அழுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் இது. ஃபுட் பிரேக்கில் லாஞ்ச் செய்யும் காரில் எல்லாம் ஏற்கெனவே இழுத்துப் பிடித்து நிற்கும், அதனால் அடி குறைவு.

டிரான்ஸ்பிரேக்கை விட வேண்டியதில்லை. புறப்படும் கோட்டின் ஸ்டேஜ் லைட்டுக்குள் நுழையும்போது கியரின் இழுப்பிலேயே மெதுவாக முன்னேறி, சக்கர பிரேக்கால் நிறுத்தி, இழுப்பு விடாமல் பட்டனை அழுத்துங்கள். ப்ளேயில் பெரும்பகுதி முன்பே எடுபட்டுவிடும். உருண்டு வந்து பின்னால் சாய்ந்து நின்றால் எதிர்ப்பக்கம் தளர்ந்துவிடும், அதைத் தவிருங்கள். லாஞ்ச் ஆர்.பி.எம்.மை 500 குறைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். 60 அடி நேரம் பல சமயம் மாறவே மாறாது. ஜாயின்ட் கிராஸில் கையால் உணரும் ஆட்டம் இருந்தால் அன்றே மாற்றுங்கள்.

டிராக் ரேஸின் மிக வேகமான வகையான டாப் ஃபியூல் கார்களைப் பாருங்கள். 11,000 குதிரைத்திறன், அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்ஹெச்ஆர்ஏ விதிப்படி 3.20 பின் விகிதம், மாற்றுவதற்குக் கியரே கிடையாது. அங்கே கிரவுன் பினியன் பிழைப்பதில் கிளட்ச்சுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. முதலில் வழுக்க விட்டு, டிராக் நெடுக படிப்படியாகப் பிடிக்கவைக்கிறார்கள். டார்க் எவ்வளவு என்பதைவிட அது எவ்வளவு திடீரென வருகிறது என்பதுதான் கேள்வி.

ஆனால் மிக மோசமான அடி டிரான்ஸ்பிரேக்கால் வருவதில்லை. வீல் ஹாப்பும் டயர் ஷேக்கும்தான். டயர் பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கிறது. ஒவ்வொரு முறையும் பல் பிரிந்து, திரும்ப வந்து மோதுகிறது. அது ஆரம்பித்ததும் காலை எடுத்துவிடுங்கள். அந்த ஓட்டம் போனால் போகட்டும். காலை அழுத்தியபடி தாண்டிவிடலாம் என்று நினைத்த ஓட்டங்களில்தான் நான் பற்களைத் தரையில் பொறுக்கியிருக்கிறேன். பின்னால் ஷாக் அப்ஸார்பர் எண்ணெய் விட்டிருக்கிறதா, லிங்க் புஷ்கள் தளர்ந்திருக்கிறதா, பினியன் கோணம் சுமை ஏறும்போது ஷாஃப்ட்டோடு நேராக வருகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். டயர் காற்றை அரை பிஎஸ்ஐ ஏற்றி இறக்கி ஓட்டிப் பார்த்தால் ஷேக் நிற்கும் இடம் பெரும்பாலும் கிடைக்கும்.

ஓட்டத்துக்கு முன் டயரைச் சுழற்றிச் சூடேற்றும் பர்ன்அவுட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. ஈரத்தில் டயர் சுழலும்போது சுமை குறைவு. அதே த்ராட்டிலில் காய்ந்த தரைக்கு வெளியே வந்தால் சூடேறிய டயர் சட்டென்று ஒட்டும், அந்த அடி லாஞ்சைவிட மோசம். தண்ணீரை விட்டு வெளியே வரும் முன்பே கால் இறங்க வேண்டும். காய்ந்த தரையில் குதித்துக் காட்டுவதை அடியோடு நிறுத்துங்கள். ஃபினிஷ் தாண்டியதும் கியரை இறக்கி எஞ்சினால் நிறுத்தாதீர்கள், பிரேக்கையும் பாராசூட்டையும் பயன்படுத்துங்கள். எஞ்சின் பிடிக்கும்போது சுமை பல்லின் குழிந்த பக்கத்துக்கு மாறுகிறது.

புது செட் போட்ட அன்றே முழு லாஞ்ச் வேண்டாம். இரண்டு புது முகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது அதிகச் சூடு வரும், 9 இன்ச்சில் பினியன் கிரவுனின் மையத்துக்கு வெகு கீழே இருப்பதால் பற்கள் சறுக்குவதும் அதிகம். சுமையில்லாமல் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓட்டி, கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும் வரை ஆறவிட்டு, இதை மூன்று முறை செய்யுங்கள். அப்புறம் டிரான்ஸ்பிரேக் இல்லாமல் இரண்டு மூன்று மிதமான ஓட்டங்கள். பிறகு எண்ணெயை மாற்றிவிடுங்கள்.

எண்ணெய் ஜிஎல்-5 தரத்தில், பழக்கும்போது மினரல், 85டபிள்யூ-140 நல்லது. ஸ்பூல் என்பதால் ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் வேண்டாம், அது கிளட்ச் வைத்த லிமிடெட் ஸ்லிப்புக்கு உரியது. அளவைக் குறைத்து இலேசாக ஓட்டலாம் என்று சிலர் செய்வார்கள். லாஞ்சில் எண்ணெய் முழுக்கப் பின்னால் ஓடிவிடும், பினியனின் முன் பேரிங் அந்தச் சில வினாடிகள் காய்ந்து நிற்கும். நான் குறைக்க மாட்டேன். பல்லை மெருகேற்றும் சூப்பர்ஃபினிஷிங் சூட்டைக் குறைக்கும், சிறு குண்டுகளால் அடித்து மேற்பரப்பை இறுக்கும் ஷாட் பீனிங் களைப்பு விரிசலைத் தள்ளிப்போடும். ஆனால் உங்கள் பணம் முதலில் கேஸுக்கும் ஸ்பேசருக்கும் போகட்டும்.

கடைசியாக, காந்த டிரெயின் பிளக் ஒன்று போடுங்கள், ஒரு சின்ன நோட்டும் வையுங்கள். பூட்டிய அன்று பேக்லாஷை எழுதுங்கள். பத்துப் பதினைந்து ஓட்டத்துக்கு ஒரு முறை எண்ணெயை வடித்து, பிளக்கைத் துணியில் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு மாதிரி ஒட்டியிருந்தால் சாதாரணம். விரலில் குத்தும் செதில் ஒன்று இருந்தாலும் கேஸைக் கழற்றுங்கள். சீசனில் இரண்டு முறையாவது கழற்றி பேக்லாஷை அளந்து நோட்டில் அதே பக்கத்தில் எழுதுங்கள். 0.20-ல் வைத்தது 0.28 ஆகியிருந்தால் ஏதோ நகர்ந்திருக்கிறது, பேரிங் ப்ரீலோடிலிருந்து தேட ஆரம்பியுங்கள். பற்களுக்கு டை பெனட்ரன்ட் அடித்து வேரில் ஒரு மயிரிழைச் சிவப்புக் கோடு தெரிந்தால், அந்த செட் இன்னும் ஒரு ஓட்டம் தாங்குமா என்று யோசிக்கவே வேண்டாம், அன்றே வெளியே எடுத்துவிடுங்கள்.